பழைய மழையைத் தேட எந்த மண்ணைத் தோண்டுவது: ஊர்க்குளமா, தருவையா, மலைச் சதுப்பா?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று 2021-ல் காலம் அறிவித்தார்கள் இல்லையா, அதிலிருந்து நிலவியலோ புவியியலோ படிக்கிற பிள்ளைகள் யாராவது வருஷம் தவறாமல் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, அந்தக் காலத்துல நம்ம பக்கம் மழை எப்படிப் பெஞ்சிருக்கும்? குளத்து மண்ணைத் தோண்டினா தெரியுமாமே, எந்தக் குளத்தைத் தோண்டட்டும்?"

தெரியும்தான். ஆனால் 'எந்தக் குளம்' என்ற இடத்தில்தான் பாதி ப்ராஜெக்ட் கெட்டுப்போகிறது. என்னுடையதும் அப்படித்தான் கெட்டது. எம்.எஸ்சி. படிக்கும்போது வீட்டுக்குப் பக்கம், பஸ் வசதி, தெரிந்த ஊர் என்பதற்காகவே ஆற்றுப் பாசனக் குளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றங்குல பிவிசி குழாயை மரச் சுத்தியலால் அடித்து இறக்கி, நாலு பேர் சேர்ந்து இழுத்து, வீட்டுக் கொல்லையில் வைத்து நெடுக அறுத்துப் பார்த்தால் மேலே கறுப்பு, நடுவில் சாம்பல், கீழே மஞ்சள் என்று அழகான அடுக்கு. அறுநூறு எழுநூறு வருஷமாவது இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில் கத்தி எதிலோ சிக்கியது. சுரண்டி எடுத்தால் ஷாம்பு சாஷே, ஒரு ரூபாய் விலை அச்சு அழியாமல் அப்படியே இருந்தது. ஜேசிபி வைத்து மண் அள்ளிய குழியில் மறுபடி வண்டல் நிரம்பியதைத்தான் நான் பாண்டியர் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முன்னால் நாலு வழி இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று முதலில் பேசிவிடுவோம்.

## மண்ணுக்குள் மழை எப்படி இருக்கிறது

ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளம் கொண்டுவருகிற மணலும் வண்டலும் குளத்தடியில் படியும். கூடவே சுற்றுவட்டாரத்துச் செடிகொடிகளின் மகரந்தம், எரிந்த காட்டின் கரித்தூள், நத்தை ஓடு, டயட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியின் சிலிக்கா ஓடு எல்லாம் சேர்ந்து அமுங்கும். பெருமழை என்றால் வெள்ளத்துக்கு வேகம் அதிகம், பருமணல் கரையோரத்தில் நிற்காமல் நடுக்குளம்வரை போய்விடும். மழை குறைந்தால் நைசான களியும் உப்பும்தான் மிஞ்சும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் படிகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மண்ணில் ஆயிரம் வருஷம் கிடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி நத்தை ஓடு. தண்ணீரில் லேசான ஆக்சிஜன்-16-ம் கனமான ஆக்சிஜன்-18-ம் கலந்திருக்கும், வெயிலில் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு போகும். வெளியேற வழியில்லாத ஏரியில் மழை பொய்க்கப் பொய்க்க மிச்சத் தண்ணீரில் கனமானதன் பங்கு ஏறிக்கொண்டே போகும், அந்தத் தண்ணீரில் வளர்ந்த நத்தை அதை அப்படியே ஓட்டில் எழுதிக்கொள்ளும். ஹரியானாவில் கோட்லா தஹர் என்ற பழைய ஏரியில் இப்படி நத்தை ஓடுகளை எடுத்துப் பார்த்துத்தான், சுமார் 4,100 வருஷத்துக்கு முன்னால் அங்கே கோடைப் பருவமழை திடீரென்று இளைத்தது என்று 2014-ல் எழுதினார்கள். மகாராஷ்டிராவில் விண்கல் விழுந்து உண்டான லோணார் ஏரியில் வேறு விதமான தடயம் கிடைத்தது. ஏரி வற்றிக் காரம் ஏறிய காலங்களில் மட்டும் உருவாகும் கேலுசைட் என்ற படிகம் சில அடுக்குகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருந்த அடுக்குகள் 4,600-லிருந்து 3,900 வருஷத்துக்கு முன்பும், 2,000-லிருந்து 600 வருஷத்துக்கு முன்பும் படிந்தவை. இரண்டும் நீண்ட வறட்சிக் காலங்கள்.

## தோண்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

எந்த மழை? நம்ம ஊர்ப் பிள்ளைகளே இதில்தான் வழுக்குகிறார்கள். மேலே சொன்ன லோணாரும் கோட்லா தஹரும் ஆடி ஆவணியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சொல்பவை. நமக்கு அது குற்றாலத்தில் சாரலாகவும், மலையில் அடைமழையாகவும், சமவெளியில் மேலக்காற்றாகவும் மட்டும் வரும். திருநெல்வேலிச் சமவெளியின் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. பசிபிக்கில் எல் நினோ வந்தால் பெரும்பாலும் தென்மேற்கு சொதப்பும், வடகிழக்கு நன்றாகவே பெய்யும். ஆகவே 'அப்போது பருவமழை குறைந்தது' என்று வடக்கே ஓர் ஏரி சொன்னால், நாங்குநேரியிலும் குறைந்தது என்று அர்த்தம் ஆகாது.

எத்தனை வருஷம் வேண்டும்? தாது வருஷப் பஞ்சம் (1876–78) மண்ணில் தெரிகிறதா என்று பார்க்க நூற்றைம்பது வருஷம் போதும். சிவகளைக்காரர்களின் மழை வேண்டுமென்றால் மூவாயிரத்து இருநூறு வருஷம் இடைவெளியில்லாமல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடம் சரிப்படாது.

கை படாத மண்ணா? தூர்வாரியது, உழுதது, மாடு மிதித்தது, வேர் துளைத்தது, வெயிலில் வெடித்தது எல்லாமே கை பட்டதுதான்.

காலம் கணிக்க முடியுமா? அடுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு வயது சொல்ல முடியாவிட்டால் அது வெறும் மண்.

கடைசியாக அனுமதியும் பணமும். இதைக் கடைசியில் எழுதினாலும் பல பேருக்கு இதுதான் முதலில் முடிவு செய்கிறது.

## வழி 1: ஊர்க்குளம்

ஊர்க்குளம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இதில் இரண்டு ஜாதி உண்டு. கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் குளம் ஒன்று. தன் காட்டில் பெய்த மழையை மட்டும் நம்பி நிற்கும் மானாவாரிக் குளம் இன்னொன்று.

ஆற்றுக்குளத்தை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதற்கு வரும் தண்ணீரில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் ஆனியில் பெய்த மேற்கு மழையும் இருக்கும், கார்த்திகையில் கொட்டிய கிழக்கு மழையும் இருக்கும். கார் சாகுபடிக்கு ஒரு தரம், பிசானத்துக்கு ஒரு தரம் என்று மதகைத் திறப்பதும் அடைப்பதும் மனிதர்கள். அங்கே ஓர் அடுக்கு தடியாக இருந்தால் அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் விடுகிறவரோடு ஊர்க்காரர்கள் நல்ல உறவில் இருந்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மானாவாரிக் குளம் எவ்வளவோ தேவலை. மானூர்ப் பக்கம், நாங்குநேரிப் பக்கம், ராதாபுரம் பக்கம் என்று எவ்வளவோ கிடக்கின்றன. மழை பெய்தால் நிரம்பும், பெய்யாவிட்டால் காய்ந்து கிடக்கும், வரத்துக்கால் வேறெங்கும் போகாது. வடகிழக்கு மழையை மட்டும் கேட்க வேண்டுமென்றால் இதைவிடச் சுத்தமான சாட்சி சமவெளியில் கிடைப்பது கஷ்டம். ஆனால் 1958-ல் மணிமுத்தாறு அணை வந்த பிறகு அதன் கால்வாய் பல மானாவாரிக் குளங்களைத் தொட்டுவிட்டது, இப்போது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயும் சேர்ந்துகொண்டது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் குளத்துக்கு வெளித்தண்ணீர் வருகிறதா, எந்த வருஷத்திலிருந்து வருகிறது என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சு, ஆறு மாத வேலையைக் காப்பாற்றும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் இங்கேதான் அதிகம். முதலாவது கரம்பை. கோடையில் குளம் வற்றியதும் வண்டலை அள்ளி வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிப்பது நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அப்புறம் செங்கல் சூளைக்கும், காருகுறிச்சி போன்ற ஊர்களில் பானைக்கும் மண் போகிறது, குடிமராமத்து என்று ஜேசிபியும் வருகிறது. மண்ணை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டால், நடுநடுவே நூறு பக்கத்தை ஒரு கையாகக் கிழித்து எடுத்துவிட்டார்கள், கிழித்த இடம் தெரியாமல் மேலே புதுப் பக்கம் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது வெடிப்பு. சித்திரையில் எந்த மானாவாரிக் குளத்துக்குள்ளும் இறங்கிப் பாருங்கள், கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்தால் முழங்கால் அளவு சாதாரணமாகப் போகும். முதல் மழையில் இந்த வருஷத்துத் தூசி, ஆட்டுப் புழுக்கை, சீமைக்கருவேல விதை எல்லாம் அந்த வெடிப்பு வழியே இறங்கிப் பழைய அடுக்குக்குள் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்குக் காய்ந்த மண்ணுக்குள் காற்று புகுந்து மகரந்தத்தை அரித்துவிடும், எனவே மகரந்தம் எண்ணலாம் என்று போனால் லாபில் வெறும் கண்ணாடித் தகடுதான் மிஞ்சும். சிலபேர் குளத்துக்குள்ளேயே உழுது வெள்ளரி போடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தையும் மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஒரு நாளில் எத்தனையோ குளங்களின் கரை உடைந்து, அடுத்த குளத்தில் ஒரே இரவில் மணல் மேடு விழுந்தது. நூறு வருஷம் கழித்து யாராவது தோண்டினால் அந்த மணலை 'நல்ல மழைக்காலம், பல வருஷம் நீடித்தது' என்று படித்துவிடலாம். உங்கள் குழாயில் திடீரென்று பருமணல் வந்தால் நீங்களும் அதே தப்பைச் செய்யலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு இதை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றால், கடைசி நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு இதை விட்டால் மலிவான வழி இல்லை. அந்தக் காலத்துக்கு ஈயம்-210 இருக்கிறது, மண்ணில் படிந்த பின் சிதைந்து குறைந்துகொண்டே வரும் கதிரியக்க ஈயம். அதன் அரை ஆயுள் 22 வருஷம் சொச்சம், எனவே ஒன்றரை நூற்றாண்டு வரை வயது சொல்லும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன சீசியம்-137 ஒரு முளைக்குச்சி மாதிரி இடையில் நிற்கும். கூடவே நம்ம ஊருக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு: சீமைக்கருவேல மகரந்தம் தப்பிப் பிழைத்திருந்தால், அது எந்த ஆழத்துக்கு மேல் மண்டுகிறதோ அது போன நூற்றாண்டு. இந்தியாவில் மழைமானிக் கணக்கு 1871 முதல் ஒழுங்காகத் தொகுத்து வைக்கப்பட்டிருப்பதால், மண் சொல்வது சரியா என்று ஒத்துப்பார்க்கவும் வழி இருக்கிறது.

எங்கே குழாய் இறக்குவது? மடைப்பக்கம் வேண்டாம், அங்கேதான் தூர்வாருவார்கள். மறுகால் பக்கமும் வேண்டாம், வெள்ளம் அரித்துப் போயிருக்கும். நடுக்குளத்தில் வண்டி போகாத, மண் அள்ளாத ஒரு மேடு இருந்தால் அது. அனுமதிக்கு: 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. மீன்பாசி ஏலம் எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், காகிதத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் கரையில் நிற்கப்போவது அவர்தான்.

## வழி 2: தருவை

சாத்தான்குளம், தட்டார்மடம், திசையன்விளைப் பக்கம் செக்கச்செவேல் என்று தேரி கிடக்கிறதே, அந்த மணல் மேடுகளை ஒட்டித் தாழ்ந்து, அகலமாக, ஆழமில்லாமல் கிடக்கும் பள்ளங்கள்தான் தருவை. வைரவன் தருவை, புத்தன் தருவை என்று பெயர் சொன்னால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நல்ல மழை வருஷத்தில் கடல் மாதிரி நிற்கும், மற்ற வருஷம் மாடு மேயும்.

ஆசைப்படுவதற்குக் காரணம் உண்டு. வெட்டிய குளத்துக்கு வெட்டிய வருஷத்துக்கு முன்னால் எந்த நினைவும் கிடையாது. இயற்கைப் பள்ளத்துக்கு அந்த எல்லை இல்லை, எனவே பழங்காலம் கிடைக்கும் வாய்ப்பு ஊர்க்குளத்தைவிட அதிகம். மனிதர்கள் அங்கே எவ்வளவு காலமாக நடமாடினார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி தொல்லியலாளர்கள் சோய்னரும் ஆல்சினும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். மழையும் பெரும்பாலும் கிழக்கு மழை. தத்துவப்படி பார்த்தால் வடகிழக்குப் பருவமழையின் நெடுங்காலக் கதைக்கு நம்ம பக்கம் இதுதான் பொருத்தமான இடம்.

நடைமுறையில் ரெண்டு மூணு தொல்லை. மேலக்காற்று வீசும் மாசங்களில் தேரி மணல் பறந்து வந்து தருவையில் விழும். குளத்தில் மணல் என்றால் வெள்ளம், தருவையில் மணல் என்றால் வறட்சியும் காற்றும். இப்படி அர்த்தமே தலைகீழாக மாறும். ஆற்று மணலா காற்று மணலா என்பதை மணியின் உருண்டையையும் மேற்பரப்பையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கடலை நெருங்க நெருங்க இன்னொரு குழப்பம்: புன்னைக்காயல், மணப்பாடு பக்கத்துக் காயல் மண்ணில் உப்பு ஏறியிருந்தால் அது மழை குறைந்ததாலா, கடல் உள்ளே வந்ததாலா? ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த கொற்கை இன்றைக்குக் கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கரை அவ்வளவு நகர்ந்த இடத்தில் உப்பை மட்டும் வைத்து மழையைப் பேச முடியாது.

காலக்கணிப்பு இங்கே கொஞ்சம் வேறு. செடி, ஓடு போன்றவற்றின் கார்பனை வைத்து வயது சொல்வது ரேடியோ கார்பன் முறை, கரிமப்பொருள் குறைவு என்பதால் அதற்குத் தீனி கிடைக்காமல் போகலாம், நத்தை ஓட்டை நம்பினால் பழைய சுண்ணாம்பின் கார்பன் கலந்து வயதைக் கூட்டிக் காட்டும். (தாழையூத்துப் பக்கம் போல சுண்ணாம்புக்கல் உள்ள இடத்தில் ஊர்க்குளத்துக்கும் இதே ஆபத்து உண்டு.) ஆனால் மணலுக்கு ஓ.எஸ்.எல். என்றொரு முறை இருக்கிறது: மணல் கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று சொல்லும். மாதிரியை வெளிச்சமே படாமல் இரும்புக் குழாயில் அடித்து எடுத்து, கறுப்பு பாலித்தீனில் சுற்றி, சிவப்பு விளக்கு எரியும் இருட்டறை வரை அப்படியே கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை மூடி கழன்றால் போச்சு.

அப்புறம் ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. கடற்கரையோர ஊர்களில் குழாயும் சம்மட்டியுமாக இறங்கினால் பத்தே நிமிஷத்தில் பைக் வந்து நிற்கும். "என்னவே, தாது மணல் பாக்க வந்தியளா?" அந்த மக்கள் பட்டது அப்படி, அதனால் கோபப்படாதீர்கள். முதல் நாள் தோண்ட வேண்டாம், சும்மா போய் டீ குடித்துவிட்டு என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

## வழி 3: மலைச் சதுப்பு

காலத்தில் பின்னோக்கிப் போக வேண்டுமென்றால் மலைதான். நீலகிரியின் சதுப்புகளில் செடி மக்காமல் கறுப்புக் கரிமண்ணாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. எப்போதும் ஈரம், உள்ளே காற்று புகாது, எனவே வெடிப்பும் இல்லை, மகரந்தமும் கெடாது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் இந்தக் கரிமண்ணின் கார்பன் ஐசோடோப்பை, அதாவது லேசான கார்பனுக்கும் கனமான கார்பனுக்கும் உள்ள விகிதத்தை அளந்து 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது இன்றைக்கும் படிக்க வேண்டியது. மரங்களும் ஈரம் விரும்பும் செடிகளும் கார்பனை ஒரு விதமாகப் பிடிக்கும், வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் இன்னொரு விதமாகப் பிடிக்கும். முதல் வகைக்கு அந்த அளவு ஆயிரத்துக்கு மைனஸ் 27-ஐ ஒட்டி, இரண்டாவது வகைக்கு மைனஸ் 12-ஐ ஒட்டி. எந்த அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே மலை நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா என்று தெரியும். பனியுகத்தின் உச்சமான சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே வறட்சிப் புல் ஓங்கியிருந்தது அப்படித்தான் தெரிய வந்தது. கொடைக்கானல் மலையில் கூக்கால் ஏரியின் மண்ணிலும் ஒன்பதாயிரம் வருஷக் கதை கிடைத்திருக்கிறது.

ஜாக்கிரதை, மலையில் எல்லா ஏரியும் பழசு இல்லை. கொடைக்கானல் ஏரி 1863-ல் கட்டியது, ஊட்டி ஏரி 1820-களில். படகு விடுகிற ஏரியில் பனியுகத்தைத் தேடக் கூடாது.

நம்ம பொதிகை மலைக்கே போகலாமே என்று கேட்பீர்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் அது. கம்பு வெட்டவே அனுமதி கிடையாது, குழாய் இறக்கி மண் உருளை எடுக்க வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். படிப்பு முடிவதற்குள் அது கைக்கு வரும் என்று நம்பி திட்டம் போடாதீர்கள். வந்தாலும் அங்கே இரண்டு பருவமழையும் கொட்டுகிறது, மண்ணில் பிரித்து எடுப்பது லேசில்லை. நீலகிரி என்றால் மேற்கு மழையின் பங்கு தூக்கல். அந்தக் கதையை அப்படியே ஆதிச்சநல்லூருக்குக் கொண்டுவந்து பொருத்தினால் பரீட்சை அறையில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் ஆற்றுக்குத் தண்ணீர் தருவது மலை, எனவே 'பொருநையில் தண்ணீர் எப்படி ஓடியிருக்கும்' என்று கேள்வியை மாற்றிக்கொண்டால் மலைச் சதுப்பு சரியான சாட்சி ஆகிவிடும். என்னைக் கேட்டால் அதுவே நல்ல கேள்வியும்கூட.

## வழி 4: தோண்டாமலே

யாரும் விரும்பாத வழி இது, சேற்றில் இறங்காமல் என்ன ஆராய்ச்சி என்பார்கள். பல ஏரிகளின் அளவீடுகள் அமெரிக்காவின் நோவா தொல்காலநிலைத் தரவகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லேப்டாப் போதும். மூன்று நான்கு ஏரிகளின் தரவை ஒரே காலக்கோட்டில் போட்டு, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்பதே முழு ப்ராஜெக்டுக்குக் காணும். ராஜஸ்தானின் லூன்கரன்சர் ஏரி வற்றிய காலமும், மேகாலயாவின் மாவ்ம்லூ குகைச் சுண்ணாம்பில் தெரியும் 4,200 வருஷத்துக்கு முந்தைய வறட்சியும் ஒன்றல்ல, நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. ஏன் என்று தேடினாலே போதும்.

இதன் மறைமுகச் செலவு வேறு மாதிரி: அடுத்தவர் காலக்கணிப்பின் தப்பும் உங்கள் தலையில் விழும். பழைய கட்டுரைகளில் ரேடியோ கார்பன் வயதைக் காலண்டர் வருஷத்துக்குத் திருத்தாமல் கொடுத்திருப்பார்கள், புதியவற்றில் திருத்திய வயது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் நூற்றுக்கணக்கான வருஷம் பிசகும், ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் போனால் இன்னும் அதிகம்.

கடலடி மண், தேக்கு மரத்தின் வருஷ வளையம் பற்றியும் கேட்பீர்கள். கடலுக்குக் கப்பல் வேண்டும், அதோடு முடிந்தது. தேக்கில் கேரளத்து மரங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 வருஷத் தொடர் ஒன்று இருக்கிறது. வருஷவாரியாக வறட்சி வேண்டுபவர்களுக்கு அது எந்தக் குளத்தையும்விட மேல், அதையும் தரவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | மானாவாரிக் குளம் | தருவை | மலைச் சதுப்பு | கிடைக்கும் தரவு |
|---|---|---|---|---|
| எந்த மழை | வடகிழக்கு | பெரும்பாலும் வடகிழக்கு | மேற்கு தூக்கல், அல்லது இரண்டும் | ஏரியைப் பொறுத்து, வடக்கே தென்மேற்கு |
| நம்பக்கூடிய காலம் | 100–150 வருஷம் | பழசு கிடைக்கலாம், நிச்சயமில்லை | பல்லாயிரம் வருஷம் | பல்லாயிரம் வருஷம் |
| பெரிய ஆபத்து | தூர்வாருதல், வெடிப்பு | காற்று மணல், கடல் உப்பு | தப்பான கேள்விக்கு விடை | திருத்தாத வயது |
| காலக்கணிப்பு | ஈயம்-210, சீசியம்-137 | ஓ.எஸ்.எல். | ரேடியோ கார்பன் | ஏற்கெனவே உண்டு |
| அனுமதி | ஒன்றியம் அல்லது நீர்வளத்துறை | அதுவும், ஊர்ச் சம்மதமும் | வனத்துறை | வேண்டாம் |
| கைச்செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | இணையக் கட்டணம் |

## எதை அளப்பது

இடத்தை முடிவு செய்த பிறகும் பாதிப் பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள். எல்லாரும் மகரந்தம் என்றுதான் ஆரம்பிப்பார்கள், புகைப்படத்தில் அழகாக இருக்கும். அதைப் பிரிக்க ஹைட்ரோ ஃப்ளூரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் எலும்புவரை போகும் சரக்கு அது. சரியான ஃப்யூம் ஹூடும் பழகிய ஆளும் இல்லாத காலேஜ் லாபில் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

மாறாக எரித்து எடை பார்ப்பது எந்த லாபிலும் முடியும். மண்ணை 105 டிகிரியில் ராத்திரி முழுக்கக் காயவைத்து எடை போடுங்கள், 550 டிகிரியில் நாலு மணி நேரம் எரித்து மறுபடி போடுங்கள், குறைந்தது கரிமப்பொருள். 950-ல் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி போட்டால் கார்பனேட். ஒரு மஃபிள் ஃபர்னஸும் நல்ல தராசும் இருந்தால் நூறு மாதிரியை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். காந்தத் தன்மையை அளக்கும் கருவி எங்காவது இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. வெள்ளம் செம்மண்ணை அரித்துக் கொண்டுவந்த அடுக்குகளில் இரும்புத் துகள் கூடுதலாக இருக்கும், மண்ணைக் கெடுக்காமலே நிமிஷத்தில் படித்துவிடும். ஐசோடோப்புக்கு மாதிரியை வெளியூருக்கு அனுப்பத்தான் வேண்டும்: அகமதாபாத்தில் பிஆர்எல் என்கிற இயற்பியல் ஆய்வகம், லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லுயிரியல் நிறுவனம், ரேடியோ கார்பனுக்கு டெல்லியில் ஐயுஏசி என்கிற முடுக்கி மையம். காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் காலக்கணிப்புக்குச் செலவு செய்யுங்கள். ஐந்து வயதும் ஓர் அளவீடும் உள்ள உருளை, ஐந்து அளவீடும் ஒரு வயதும் உள்ள உருளையைவிட எத்தனையோ மடங்கு மேல்.

## சரி, யாருக்கு எது

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு என்றால் மானாவாரிக் குளம்தான், அதுவும் குழாய்கூட வேண்டாம். சித்திரையில் வற்றிய குளத்தில் இடுப்பளவு குழி வெட்டி, சுவரை மண்வெட்டியால் சீவி, அடுக்கைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கட்டும். 2023 வெள்ள மணல் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குதித்துவிடுவார்கள்.

ஆறு மாத எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றால் தரவு வழியோடு ஒரு மானாவாரிக் குளத்தின் மேல் அரை மீட்டர். பெரிய காலத்துக்குத் தரவு, சின்னக் காலத்துக்குச் சொந்த மண். தருவையைத் தொடாதீர்கள், அது மூன்று நாலு வருஷம் கையில் உள்ள பிஎச்.டி. ஆளுக்கு உரியது. அந்த ஆள் நீங்கள் என்றால் தயங்காமல் தருவைக்கே போங்கள், பணத்தில் பெரும்பங்கை ஓ.எஸ்.எல்.லுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு ஏற்கெனவே வனத்துறை அனுமதி இருந்தால் மட்டும் மலை. சிவகளைக் காலத்து மழைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களிடம், ஒரே உருளையில் அது கிடைக்காது, மலையில் ஒன்றும் தருவையில் ஒன்றும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

எங்கே எடுத்தாலும் உருளையை நெடுக இரண்டாகக் கீறி ஒரு பாதியைத் தொடாமல் வையுங்கள். சமையலறை பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டு, தேதி எழுதி, குளிரில் வைக்க வேண்டும். பிறகு யாராவது சந்தேகப்பட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க அது மட்டும்தான் இருக்கும். நான் அம்புக்குறியும் போட்டேன், தேதியும் எழுதினேன், ஆனால் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தேன். ஒரு கோடையில் அது பாளம் பாளமாக வெடித்து உதிர, அம்மா கரம்பை என்று நினைத்து முருங்கைக்குப் போட்டுவிட்டாள். அந்த வருஷம் முருங்கை நன்றாகக் காய்த்தது.